காகிதப்பூவுக்கு இரண்டு வாளித் தண்ணீர்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு காகிதப்பூச் செடி இருந்தது. செடி என்று சொல்வது பழக்கத்தால்தான். எனக்குப் பத்து வயதானபோதே அதன் அடித்தண்டு என் முழங்கைப் பருமன் இருந்தது. வேலிக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி, தகரக் கூரையின் ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டிருந்தது. சிராங்கூன் ரோட்டிலிருந்து ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் போகிற ஒரு சந்தில் ஆறு பலகை வீடுகள், எங்களுடையது ஐந்தாவது. தபால்காரர் கதவு எண்ணைப் பார்க்கமாட்டார். பூவைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்துவார்.

பீட்ரூட்டை அரிந்தால் விரலில் ஒட்டிக்கொள்ளுமே, அந்த நிறம். வாசனை கிடையாது. தலையில் வைக்க முடியாது, சாமிக்கும் ஆகாது. உதிர்ந்தால் சந்து முழுவதும் பறந்து போய் மற்ற வீட்டு வாசல்களில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வாசல் மண்ணில் வேறு எதுவும் உருப்படவில்லை. தோண்டினால் செங்கல் துண்டும் அடுப்புக் கரியும்தான் வரும். அம்மா வைத்த மல்லிகை இரண்டு தடவை செத்தது. கனகாம்பரம் ஒரு மாதம் இருந்தது. இது மட்டும் யாரையும் எதுவும் கேட்காமல் வளர்ந்தது.

அம்மா அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. "தண்ணி காட்டுனா சோம்பேறி ஆயிடும். சும்மா இலையாப் போட்டுக்கிட்டு நிக்கும்" என்பாள். அது உண்மைதான். மழைக் காலத்தில் அது பச்சையாகவே நிற்கும். தைப்பொங்கல் கழிந்து வெயில் ஏறி, இரண்டு மூன்று வாரம் மழை எட்டிப் பார்க்காமல் போனால், இலைகள் தொங்கிப்போகும். இனி அவ்வளவுதான் என்று நினைக்கும்போது நுனிகளில் நிறம் வரும். வருடத்துக்கு ஒரு முறை அம்மா அப்பாவின் பழைய காலுறைகளைக் கையில் மாட்டிக்கொண்டு கொம்புகளை வெட்டிவிடுவாள். அப்போதும் முள் கிழித்துவிடும். ஒருமுறை ஒரு பூவைப் பிரித்துக் காட்டினாள். நாம் பூ என்று நினைக்கிற கலர் எல்லாம் இலைதானாம். உள்ளே மிளகு அளவில் வெள்ளையாக ஒன்று இருக்கிறதே, அதுதான் பூவாம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் இருந்தாள். குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். நான் கீழே புல்தரையில் நிற்பேன். அம்மா மேலே வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையசைப்பாள். ஆறாவது வாரம் கம்பியருகில் அவள் வரவில்லை. எனக்கு அப்போது பத்து முடிந்து சில நாட்கள். வீட்டுக்கு வந்த உறவினர்களெல்லாம் வாசலில் செருப்பை விடும்போது அந்தப் பூவைப் பார்த்து ஏதோ சொன்னார்கள். நல்ல வெயில் காலம். அந்த வருடம் பூத்ததுபோல் அது அதற்கு முன் பூத்ததில்லை.

அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிராணி. கப்பலிலிருந்து இறங்குகிற சரக்குக்குச் சீட்டு எழுதுகிற வேலை. முன்பே அதிகம் பேசாதவர். அம்மா போனபின் சாப்பாடு, பள்ளிக்கூடம், சலவை என்ற மூன்று விஷயம்தான் என்னோடு பேசினார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பக்கத்து ஆறாவது வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம், பள்ளி விட்டு வந்ததும் எனக்குச் சோறு போட்டு, அப்பா வரும்வரை தன் வீட்டில் வைத்துக்கொள்வார். இப்படி ஒரு வருடம் ஓடியது.

பிறகு சின்னம்மா வந்தாள்.

ஜொகூரில் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தாள். முப்பது வயது. தம்பி தங்கைகளை வளர்த்து ஒவ்வொருவராகக் கட்டிக்கொடுத்ததில் அவள் கல்யாணம் தள்ளிப் போயிருந்தது. கோயிலில் பத்துப் பேர் முன்னால் தாலி கட்டி, அப்பா அவளை பஸ்ஸில் அழைத்து வந்தார். ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயும் கொண்டுவந்தாள். "அம்மான்னு கூப்பிடு" என்றார் அப்பா. நான் தலையாட்டினேன். ஆனால் கூப்பிடவில்லை. அம்மா என்றும் சொல்லவில்லை, சின்னம்மா என்றும் சொல்லவில்லை. அவளிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அருகில் போய் நின்று மொட்டையாகக் கேட்பேன். "உப்பு வேணும்." "அப்பா வரச் சொன்னாரு." இரண்டு வருடம் ஒருவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஒரே வீட்டில் இருக்க முடியும். நான் இருந்திருக்கிறேன்.

வந்த மறுநாள் காலை அவள் வாசலைக் கூட்டிவிட்டு, செடியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இது யாருங்க வச்சது?"

"அவ வச்சது" என்றார் அப்பா. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சின்னம்மா துடைப்பத்தைச் சாத்திவிட்டு இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு சந்துக் கோடியிலிருந்த பொதுக்குழாய்க்குப் போனாள். வீடுகளுக்குள் குழாய் கிடையாது. நாற்பது ஐம்பது எட்டு நடக்கவேண்டும். இரண்டு வாளியையும் நிரப்பிக்கொண்டு வந்து, செடியின் அடியில் மெதுவாக, கோயிலில் அபிஷேகம் செய்வதுபோல் ஊற்றினாள். நான் பள்ளிச் சீருடையில் வாசற்படியில் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று அன்று என்னிடம் யாரும் கேட்டிருந்தாலும் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியவில்லை என்பது இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

தினமும் ஊற்றினாள். காலையில் இரண்டு வாளி. சாயங்காலம் அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர். இருந்த பூக்கள் உதிர்ந்தன. புதிதாக எதுவும் வரவில்லை. செடி கொழுத்தது. கைவிரல் நீளத்துக்கு முள்ளும் வெற்றிலை அகலத்துக்கு இலையும் விட்டது. பூக்காத குறைக்கு எரு போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கெர்பாவ் ரோட்டுப் பக்கம் ஒரு பால்காரருக்குக் கொட்டகையும் நான்கைந்து மாடும் இருந்தன. அங்கே போய் ஒரு டின் சாணி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அதைப் போட்டபிறகு இலை இன்னும் பெரிதாக வந்தது.

ஒருநாள் மக்சிக் இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, பொறுக்கமாட்டாமல் மலாயில் சொன்னார். "ஜாங்ஙான் சிராம்லா. பாஞாக் ஆயேர், தாக் அடா பூங்கா." தண்ணீர் ஊற்றாதே, தண்ணீர் அதிகமானால் பூ வராது என்று அர்த்தம். சின்னம்மா வளர்ந்த தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் தமிழ்தான். மலாய் அவளுக்கு இரண்டு வார்த்தைகூடத் தெரியாது. சிரித்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "செடி நல்லா வளந்திருக்குன்னு சொல்றாங்க."

சின்னம்மா மக்சிக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மக்சிக் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

சந்தில் பேச்சு ஆரம்பித்தது. மூன்றாம் வீட்டில் ஒரு அக்கா இருந்தார். வாய் நீளம். அம்மாவோடு அவருக்குப் பெரிய சினேகம் ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் அம்மா செத்தபின் உயிர்த்தோழி ஆகிவிட்டார். "மூத்தவ கைராசி அது. இவ காலடி வச்சா, பூ நின்னுபோச்சு. செத்தவ மனசு ஆறல போல" என்று குழாயடியில் சொன்னார். சின்னம்மா வாளி நிரம்பட்டும் என்று காத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள். நானும் நின்றிருந்தேன். சின்னம்மாவின் கழுத்து மெல்லச் சிவந்ததைப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் எனக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது கேட்டாள். அவள் தலைவாரினால் வலிக்காது. இதை நான் அப்போதே ஒப்புக்கொண்டிருக்கவேண்டும்.

"பாப்பா, ஒங்கம்மா அந்தச் செடிக்கு என்ன போடுவாங்க? ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

முகம் பார்க்க வேண்டியிருந்தால் சொல்லியிருக்கமாட்டேனோ என்னவோ. அவள் என் பின்னால் இருந்தாள்.

"ஒண்ணும் போட மாட்டாங்க. தண்ணிதான்."

"எத்தன வாளி?"

"காலையில ரெண்டு. சாயங்காலம் ரெண்டு."

"அப்படியா" என்றாள். சிறிது நேரம் சீப்பு நின்றது. "நான் சாயங்காலம் கொறச்சிட்டேன். அதான் போல."

மறுநாளிலிருந்து நான்கு வாளி.

எனக்குப் பதின்மூன்று ஆனபோது மழை பொய்த்தது. மாதக்கணக்கில் வானம் வெள்ளையாகக் கிடந்தது. நீர்த்தேக்கங்கள் வற்றிவிட்டன என்று வானொலியில் சொன்னார்கள். தண்ணீருக்குப் பங்கீடு வந்தது. வாரத்தில் சில நாட்கள், குறிப்பிட்ட மணி நேரம் குழாயை அடைத்துவிடுவார்கள். சந்துக் குழாயில் திறந்திருக்கும் நேரத்தில் வரிசை ரோடுவரை நீளும். மண்ணெண்ணெய் டின்னும் வாளியும் சட்டியும் வரிசையில் நிற்கும், அவரவர் ஏனத்தை அவரவர் காலால் முன்னே தள்ளிக்கொண்டு நகர்வார்கள். வெற்று டின்கள் சிமெண்டில் உரசுகிற அந்தச் சத்தம் இப்போது கேட்டாலும் எனக்கு நாக்கு உலரும்.

சின்னம்மா அப்போது ஆறு மாதம். வயிறு நன்றாகத் தெரிந்தது. இருந்தும் செடிக்கு ஊற்றுவதை நிறுத்தவில்லை. நான்கு வாளிக்கு வழியில்லை என்றதும் அவளாகவே ஒரு முறை கண்டுபிடித்தாள். ஒரு பெரிய தகரத் தொட்டியை வாங்கிவந்து, அதற்குள் நின்று குளித்தாள். மேலுக்கு ஊற்றிய தண்ணீரை வாளியில் மொண்டு செடிக்குக் கொண்டுபோனாள். என்னையும் அதில் நின்றுதான் குளிக்கச் சொன்னாள். துணி அலசிய தண்ணீரும் அங்கே போயிற்று. தான் குளிப்பதை இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஆக்கிக்கொண்டு, தன் பங்கை அப்படியே கொண்டுபோய் ஊற்றின நாட்களும் உண்டு. அந்த வெயிலில், ஆறு மாத வயிற்றோடு.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பிருந்த இனிப்பு எல்லாம் எப்போதோ போய்விட்டது. சொல்லிவிடவேண்டும் என்று காலையில் நினைப்பேன். சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். ஒரு நாள் தள்ளினால் அந்தக் கேள்வி இன்னும் ஒரு நாள் கனமாகும். பொய்யைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதைத் திரும்ப எடுக்க எனக்கு ஒன்றரை வருடமாகத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அவள் குழாயடியிலிருந்து வெற்று வாளியோடு திரும்பி வந்தாள். புடவை இடுப்புக்குக் கீழே முழுவதும் நனைந்திருந்தது. ஈரப் புடவையோடு சமையலறைப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் வீட்டு அக்கா வரிசையில் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டாராம். "மனுசனுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, இவ முள்ளுச் செடிக்கு ஊத்துறா. பூ பூத்துட்டா புருசன் மெச்சிப்பான்னு நெனப்பு" என்று சொல்லி, நிரம்பிய வாளியைக் காலால் எட்டிவிட்டாராம். இதையெல்லாம் சின்னம்மா என்னிடம் சொல்லவில்லை. பிறகு வரிசையில் நின்றிருந்த ஒருவர் சொல்லித்தான் தெரியும். சின்னம்மா சொன்னது ஒன்றுதான்.

"அக்கா வச்ச செடி என் கையில காஞ்சிபோச்சுன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது பாரு."

அம்மாவை அவள் அக்கா என்றுதான் சொல்வாள். பார்த்திராத ஒருத்தியை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேக்கா மார்க்கெட்டில் அப்பா ஆட்டுக்கறி வாங்கி வந்திருந்தார். மூன்று பேரும் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். குழாயடிச் சண்டை அப்பா காதுக்கும் எட்டியிருந்தது. சோற்றைப் பிசைந்தபடி, "என்னா சண்டை நேத்து?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. செடிக்குத் தண்ணி எடுத்தேன். அதுக்கு அந்தம்மா கொஞ்சம் பேசிட்டாங்க."

"எந்தச் செடிக்கு?"

"வாசல்ல நிக்குதே, காகிதப்பூ. அதுக்குத்தான்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. காலையில் போய் இருட்டின பிறகு வருகிற மனிதர். செடிக்கு யார் என்ன செய்கிறார்கள் என்று அவர் கவனித்ததே இல்லை.

"அதுக்கு எதுக்குத் தண்ணி? அவ ஒரு நாளும் ஊத்துனதில்லயே. ஊத்துனா பூக்காதுன்னு என்னக்கூட ஊத்த விட மாட்டா."

என் தட்டில் இருந்த சோறு தெரிந்தது. சோற்றைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. சின்னம்மா என்னைப் பார்க்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. பிறகு அவள் குரல் வந்தது.

"எனக்குத் தெரியாதுங்க. நானா நெனச்சிக்கிட்டு ஊத்திட்டேன்."

அப்பா சிரித்துவிட்டார். "நல்ல ஆளு லா நீ" என்று இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்து அப்பா படுத்தபின், சமையலறையில் அவள் தட்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் நிலைப்படியில் நின்றேன். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"ஏன்?" என்றாள். திரும்பிப் பார்க்காமல்.

"நீங்க அத தொடக் கூடாதுன்னு நெனச்சேன்."

"தொடாதீங்கன்னு சொல்லியிருக்கலாமே."

அவள் தேய்த்த தட்டையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் ஒரு வாரத்துக்குமேல் அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், சீருடைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தாள். தலையும் வாரிவிட்டாள், வலிக்காமல்தான். வார்த்தை மட்டும் இல்லை. அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் நான் இரண்டு வருடம் இருந்தேன் இல்லையா, அது எப்படியிருக்கும் என்று அந்த வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

அடுத்த திங்களோ செவ்வாயோ, பள்ளி விடுமுறை. குழாய் திறக்கும் நேரத்துக்கு அவள் வாளிகளை எடுத்தாள். நான் பின்னாலேயே போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையில் எங்கள் முன்னால் ஏழெட்டு டின். அவற்றில் ஒன்று மூன்றாம் வீட்டு அக்காவுடையது. எங்களைக் கண்டதும் பக்கத்தில் நின்றவரிடம் பேசுவதுபோல் உரக்கச் சொன்னார்.

"வந்துட்டாங்க. செடிக்கு நீராட்டு நடக்கணும்ல."

சின்னம்மா வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாய் தானாகப் பேசியது. நான் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக.

"நான்தான் ஊத்தச் சொன்னேன். எங்கம்மா தெனமும் ஊத்துவாங்கன்னு பொய் சொன்னேன். எங்க சின்னம்மாவுக்குத் தெரியாது. அவங்களத் திட்டாதீங்க."

டின் உரசுகிற சத்தம் நின்றது. யாரோ ஒருவர் "ஐயோ" என்றார். மூன்றாம் வீட்டு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, குழந்தையிடம் என்ன பேசுவது என்று நினைத்தாரோ என்னவோ, தன் டின்னை முன்னே தள்ளினார். என் காதெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று திரும்பினேன்.

"எங்க போற?" என்றாள் சின்னம்மா. எட்டு ஒன்பது நாளுக்குப் பின் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "வாளியப் புடி. என்னால ஒண்ணத்தான் தூக்க முடியும்."

பிடித்தேன். வீட்டு வாசலில் வாளியை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டபோது, "அவ்வளவு பேரு முன்னால சொல்லணுமா? வீட்ல கூப்பிட்டா போதாதா?" என்றாள். நான் சின்னம்மா என்று சொன்னதைத்தான் சொல்கிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

செடிக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீருக்குப் பழகிப்போன செடி அல்லவா, முதலில் மிகவும் கஷ்டப்பட்டது. அந்த அகலமான இலைகளெல்லாம் பழுத்துக் கொட்டின. கொம்பெல்லாம் எலும்பாக நின்றது. சின்னம்மா வாசலுக்குப் போகும்போதெல்லாம் ஒரு தரம் அண்ணாந்து பார்ப்பாள். எனக்குப் பயம். அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கும் விதம் தவறோ, நிஜமாகவே கொன்றுவிட்டேனோ என்று. ஐந்து வாரம் இருக்கும். நான் பள்ளியிலிருந்து வந்தபோது மக்சிக் தன் வேலியருகே நின்று, "தெங்ஙோக், தெங்ஙோக்" என்று மேலே காட்டினார். பார் என்கிறார். கூரை மூலையில் ஒரே ஒரு கொம்பின் நுனியில், கன்றிப்போனதுபோல் நிறம் ஏறியிருந்தது.

அதன் பிறகு நாளுக்கு ஒரு கொம்பு. இலையே தெரியவில்லை. சுற்றிலும் புல்கூடக் கருகிக்கிடந்த அந்த மாதத்தில் எங்கள் வாசலை நின்று பார்க்காமல் யாரும் போகவில்லை. மூன்றாம் வீட்டு அக்காவும் நின்று பார்த்தார். பார்த்தேன்.

சின்னம்மா நாற்காலி போட்டு ஏறி ஒரு கொத்து ஒடித்தாள். ஏழு மாத வயிற்றோடு ஏறியதற்கு மக்சிக்கிடம் திட்டு வாங்கினாள். அந்தக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இத சாமிக்கு வைக்க மாட்டாங்க. படத்துக்கு வைக்கலாமா?"

அம்மாவின் படம் கூடத்துச் சுவரில் இருந்தது. தினமும் அதைத் துடைத்தவள் அவள்தான்.

"வைங்க சின்னம்மா" என்றேன்.

தம்பி பிறந்த பிறகுதான் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்து சந்தெல்லாம் முழங்கால் தண்ணீர். சின்னம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சன்னலில் நின்று, கொட்டுகிற மழையைப் பார்த்து, "இனி எங்க பூக்கப் போகுது" என்று அலுத்துக்கொண்டாள். செடியைப் பற்றி அப்போது அவளுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. எப்போது வெட்டவேண்டும், எந்தக் கொம்பை விடவேண்டும் என்பதெல்லாம் மக்சிக்கிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள், கூடவே மலாயும். இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசுவதில் பாதி எனக்கே புரியாமல் போன காலமும் வந்தது.

தம்பிக்கு ஐந்து வயதாகும்போது எங்கள் சந்து வீடுகளை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போவதாகக் கடிதம் வந்தது. எல்லோருக்கும் அடுக்குமாடி வீடு. எங்களுக்குத் தோ பாயோவில், நான்காவது மாடி. நான் அப்போது ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வீட்டுக்குள்ளேயே குழாய், திருகினால் தண்ணீர் என்றதும் சின்னம்மா இரண்டு தடவை நம்பாமல் கேட்டாள்.

காலி செய்யும் நாளில் லாரியில் சாமான் ஏற்றி முடிந்தது. அப்பா ஒரு ரம்பத்தை எடுத்துக்கொண்டு செடியிடம் போனார். வேரோடு எடுக்க முடியாது. நான்கைந்து குச்சியாவது வெட்டிக்கொண்டு போகலாம் என்றாள் சின்னம்மா. அவள் கொம்பை வளைத்துப் பிடித்துக்கொள்ள, அப்பா அறுத்தார். தோள்வரை முள் கிழித்த கோடுகள்.

"அக்கா கையால வச்சது. ரெண்டாச்சும் புடிச்சிக்கிட்டா போதும்" என்றாள்.

அப்பா ரம்பத்தை நிறுத்தினார். "அவ எங்க வச்சா?"

"நீங்கதானே சொன்னீங்க, நான் வந்த மறுநா காலையில?"

அப்பா வேலிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டார். அம்மா போன இந்த எட்டு ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக எங்கள் முன்னால் அம்மாவைப் பற்றி மனம்விட்டுப் பேசினார். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், துறைமுகத்துத் துரைமார் பங்களாவில் வேலி வெட்டிக்கொண்டிருந்தார்களாம். அதில் ஒரு குச்சியை அவர் ஆசையாக எடுத்துவந்தாராம். அம்மாவுக்கு மல்லிகைதான் வேண்டும். "முள்ளு, வாசனையும் இல்ல, இதப் போயி யாராச்சும் வாசல்ல வைப்பாங்களான்னு அவளுக்குக் கோவம். புடுங்கி வீசிட்டா. இங்கதான் வந்து விழுந்துச்சு, கம்பத்துக்கிட்ட, சாக்கட ஓரம். ரெண்டு நாளு நாங்க பேசிக்கல. மூணு வாரம் கழிச்சுப் பாத்தா துளிர் விட்டிருக்கு. அப்புறம் அவ அத யாரையும் தொட விடல."

"அப்ப ஏன் அவங்க வச்சதுன்னு சொன்னீங்க?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் அப்பா.

சின்னம்மா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த கொம்பை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "புடுங்கி வீசுன செடிக்கா நான் அவ்வளவு தண்ணி சுமந்தேன்!" அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நானும்தான். லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். "நிக்கட்டும், நீங்க சொல்லுங்க" என்றாள் அப்பாவிடம். "அக்கா வேற என்னென்ன வீசுனாங்க?"

அப்பா சொன்னார். அம்மா வீசிய சட்டியைப் பற்றி, கோபித்துக்கொண்டு தஞ்சோங் பகார்வரை நடந்தே வந்ததைப் பற்றி, மல்லிகை செத்த அன்று அழுததைப் பற்றி. அம்மாவுக்கு அவ்வளவு கோபம் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தம்பி லாரியின் முன் சீட்டிலிருந்து எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

வெட்டிய ஆறு குச்சிகளில் இரண்டு பிழைத்தன. தோ பாயோ வீட்டு நடைபாதையில் பால்மாவு டின்னில் நின்றன. ஒன்றை, துணி காயப்போடும்போது முள் கிழிக்கிறது என்று எதிர்வீட்டுச் சீன அம்மா குறைசொன்னதால் சின்னம்மா கீழே கொண்டுபோய், படிக்கட்டுக்குப் பக்கத்து மண்ணில் நட்டாள். இன்னொன்றை மக்சிக் தன் புது வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் போனார். வேறு பேட்டையில் அவருக்கு வீடு கிடைத்திருந்தது. இரண்டு பஸ் மாறவேண்டும். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, ஒரு டப்பாவில் முறுக்கு எடுத்துக்கொண்டு அங்கே கிளம்பிவிடுவாள். மழை நாளானாலும் போவாள். சாயங்காலம் திரும்பி வந்ததும் அப்பா கேட்பார், "என்னா பேசிட்டு வந்தீங்க இவ்வளவு நேரம்?"

"சும்மாதான்" என்பாள், செருப்பைக் கழற்றியபடி.